அடிக் கம்பிக்குக் கீழே 16 அங்குலம்: அமெரிக்காவின் வயோமிங் மாநில வேலிகள் பற்றிக் கேள்வி பதில்

கே: ப்ராங்ஹார்ன் மான் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் ஓடுமாமே. நாலடி வேலியைத் தாண்டாதா?

ப: பெரும்பாலும் தாண்டாது. திறந்த புல்வெளியில் ஓடியே பிழைத்த இனம், குதித்துப் பழக்கமில்லை. தலையைத் தாழ்த்தி அடிக் கம்பிக்குக் கீழே நுழையும். அது முள்கம்பியானால் முதுகு மயிரோடு தோலும் வழித்துக்கொண்டு போகும். அந்த இடத்தில்தான் அப்புறம் குளிர் தாக்கும். அதனால் அடிக் கம்பி முள் இல்லாததாக, தரையிலிருந்து 16 அங்குலமாவது உயரத்தில் இருக்கட்டும். 18 இன்னும் நல்லது. மேல் கம்பி 42 அங்குலத்துக்குள். மேல் இரண்டு கம்பிகளுக்கும் இடையே 12 அங்குலம் விடுங்கள். நெருக்கமாக இருந்தால், தாவும் ம்யூல் மானின் பின்னங்கால் நடுவில் மாட்டி, கம்பிகள் முறுக்கிக்கொள்ளும். தலைகீழாகத் தொங்கியே சாகும். கழற்றிய பழைய கம்பியைப் புல்லில் போட்டுவிட்டு வராதீர்கள்.

கே: கன்றுக்குட்டி வெளியே போய்விடாதா?

ப: போகும். தாய் உள்ளே இருந்தால் திரும்பி வந்துவிடும்.

கே: செம்மறி ஆட்டுக்கு வலைக்கம்பிதானே போட முடியும்?

ப: மான்களுக்கு மிக மோசமான வேலி அதுதான். ஆடு இல்லாத மாதங்களில் கேட்டுகளையாவது திறந்து வையுங்கள்.

கே: என் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை...

ப: அது வேறு விஷயம். உங்கள் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்.

கே: பண்ணைக்காரர்கள்தானே எதிரிகள்? வேலியை மொத்தமாகப் பிடுங்க வேண்டியதுதானே?

ப: இதையே மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வயோமிங்கின் ரெட் ரிம் பகுதியை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. 1983-ல் அங்கே ஒரு பண்ணைக்காரர் போட்ட 28 மைல் வேலி, மான்களைக் குளிர்கால மேய்ச்சலுக்குப் போகவிடாமல் மறித்தது. 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொது நிலத்தை வேலியிட்டு மறிப்பதைத் தடுக்கும் 1885-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு. அதற்காக எல்லாரையும் ஏசாதீர்கள். மான்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் நிலத்தில் நிறைய இவர்களுடையது. மாட்டுத் தொழில் நொடித்து அது வீட்டுமனையானால், மனைக்கு மனை வேலி வரும். எல்க் என்ற பெரிய மான்களின் கூட்டம் உடைத்த வேலியை வசந்தம்தோறும் கட்டுகிறவர்களும் இவர்களே. தாழ்வான வேலி அவர்களுக்கும் லாபம்.

கே: முதல்லேருந்து சொல்லுங்க, எத்தனை அங்குலம்?

ப: முதல் பதிலில் இருக்கிறது. பழைய கம்பியைச் சுருட்டி எடுத்துப் போங்கள். அதையும் அங்கேயே எழுதியிருக்கிறேன்.

கே: பனி மூடிவிட்டால் 16 அங்குலத்தால் என்ன பயன்?

ப: நல்ல கேள்வி. அந்த இடங்களுக்குப் படுக்கும் வேலிதான். கம்பிகளைத் தாங்கும் குச்சிகளைக் கம்பத்திலிருந்து கழற்றி, மாடுகளை ஓட்டிச் சென்றதும் தரையில் படுக்க வைத்துவிடலாம். வசந்தத்தில் மாடு திரும்புமுன் தூக்கி மாட்டினால் போதும்.