பின் ஆக்ஸில் வாங்கும் முன் டயரைச் சொல்லுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹாட் ராடுக்கு (பழைய காரில் வலுவான எஞ்சின் வைத்து மாற்றிக் கட்டிய வண்டிக்கு) எந்தப் பின் ஆக்ஸிலைத் தேர்ந்தெடுப்பது என்பது பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

1932 ஃபோர்ட் ரோட்ஸ்டர், செவி 350 எஞ்சின், டர்போ 350 கியர் பெட்டி, சாதாரண ரேடியல் டயர். ஃபோர்டின் 9 இஞ்ச் ஆக்ஸில் கட்டாயமா? — சான் ஹோசே வாசகர்

கட்டாயமில்லை. ஃபோர்ட் 8 இஞ்ச் தாராளமாகத் தாங்கும். (8, 9 என்பது உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனின் விட்டம்.) எடை குறைவு, விலையும் குறைவு. பழைய மேவரிக்கில் இருந்து எடுத்தால் அகலம் 56, 57 இஞ்சுக்குள் வரும். உங்கள் வண்டிக்கு அநேகமாக வெட்டக்கூட வேண்டாம். பின்னாளில் ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்) மாட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் இப்போதே 9 இஞ்சுக்குப் போய்விடுங்கள். டயர் வரை எழுதிக் கேட்டதற்கு நன்றி.

என் எஞ்சின் 500 குதிரைத்திறன். உடையவே உடையாத ஆக்ஸில் எது? — மிச்சிகன் வாசகர்

வண்டி எது, எடை எவ்வளவு, டயர் எது, கிளட்ச் உண்டா ஆட்டோமேட்டிக்கா, ஓடப்போவது சாலையிலா டிராக் ஸ்ட்ரிப்பிலா (நேர்கோட்டுப் பந்தயத் தடத்திலா)? ஒன்றுமே எழுதவில்லை. குதிரைத்திறனை மட்டும் எழுதி ஆக்ஸில் கேட்கும் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது. ஒருமுறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆக்ஸிலை உடைப்பது எஞ்சினும் டயரும் சேர்ந்துதான். எஞ்சின் 400 பவுண்டு-அடி டார்க் (முறுக்குவிசை) தருகிறது என்று வையுங்கள். முதல் கியர் 2.52, கிரவுனுக்கும் அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கும் உள்ள பல் விகிதம் 3.50 என்றால் ஆக்ஸிலுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 3,500 பவுண்டு-அடி. ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் பெருக்குவதை இதில் சேர்க்கவே இல்லை. ஆனால் டயர் தரையைப் பிடிக்கும் வரைதான் அந்த 3,500 சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டை முறுக்கும். பிடி விட்டுச் சுழல ஆரம்பித்தால் ஷாஃப்ட் பிழைத்தது.

2,400 பவுண்டு ரோட்ஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும் நொடியில் பின் சக்கரங்கள் மேல் 1,400 பவுண்டு விழலாம். சாலை ரேடியலின் பிடிப்பை 0.9 என்றும் டயர் உயரத்தை 28 இஞ்ச் என்றும் வைத்தால் 1,500 பவுண்டு-அடியிலேயே டயர் சுழன்றுவிடும். மீதி 2,000 புகையாகப் போகும். அதே எஞ்சினை 3,400 பவுண்டு எடையுள்ள 1955 செவியில் வைத்து, ஸ்லிக் மாட்டி, பசை பிடித்த ஸ்ட்ரிப்பில் நிறுத்துங்கள். இப்போது ஆக்ஸில் 3,300 வரை வாங்கும். எஞ்சின் மாறவில்லை, ஆக்ஸில் மேல் விழும் சுமை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. குதிரைத்திறனை மட்டும் கேட்டு நான் என்ன பதில் சொல்வது?

கிளட்சைப் பொறுத்தும் கணக்கு மாறும். ஆட்டோமேட்டிக்கில் கன்வெர்ட்டர் அதிர்ச்சியை ஓரளவு உள்வாங்கிக்கொள்ளும். 5,000 ஆர்பிஎம்மில் கிளட்சைப் பட்டென்று விடுபவருக்கு, சுழலும் ஃப்ளைவீலின் முழு வேகமும் ஒரே அடியாகப் பினியன் பல்லில் இறங்கும். பின் சக்கரம் குதிக்கிற வண்டியில் இந்த அடி திரும்பத் திரும்ப விழும். அங்கே முதலில் சரிசெய்ய வேண்டியது சஸ்பென்ஷனை.

ஆகவே, லேசான ரோட்ஸ்டர், சாலை டயர் என்றால் 8 இஞ்ச், அல்லது 28 பல் ஷாஃப்ட் (உள் நுனியில் 28 பல் வெட்டியது) உள்ள சாதாரண 9 இஞ்ச். 55 செவி மாதிரி எடையுள்ள வண்டி, அவ்வப்போது ஸ்லிக் என்றால் வலுவான நோடுலர் இரும்பில் வார்த்த கேஸும் (கிரவுனும் பினியனும் உட்காரும் கூடு) 31 பல் ஷாஃப்டும் உள்ள 9 இஞ்ச். 28 பல் ஷாஃப்டின் விட்டம் சுமார் 1.19 இஞ்ச், 31 பல்லுடையது 1.32. பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், மூன்றில் ஒரு பங்கு வலு அதிகம். எடையுள்ள வண்டி, நாலு கியர் மேனுவல், ஸ்லிக் மூன்றும் சேர்ந்தால் 35 பல் ஷாஃப்டுக்கோ டேனா 60 என்னும் கனமான ஆக்ஸிலுக்கோ போங்கள். டேனாவின் கிரவுன் 9¾ இஞ்ச். அறுபதுகளில் ஹெமி எஞ்சினும் நாலு கியரும் சேர்ந்த வண்டிகளுக்கு அதைப் போட்டது சும்மா இல்லை. ஆனால் அதை ஒரு ரோட்ஸ்டரின் அடியில் தொங்கவிடாதீர்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே அவ்வளவு எடை இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகில் தெரியும்.

இனி எழுதுபவர்கள் டயர் அளவையும் வண்டி எடையையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

பழைய பொருள் சந்தையில் 9 இஞ்ச் என்று சொல்லி 8 இஞ்சைத் தலையில் கட்டுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? — ஒஹாயோ வாசகர்

கையில் ஒரு சாக்கெட் கொண்டுபோங்கள். முன்பக்கக் கேஸைப் பிடித்திருக்கும் நட்டுகள் எல்லாவற்றிலும் சாக்கெட் நேராக உட்கார்ந்தால் அது 8 இஞ்ச். பினியனுக்குக் கீழே இருக்கும் நட்டுகளில் சாக்கெட் நுழையாமல் ஸ்பானர்தான் போகிறது என்றால் 9 இஞ்ச்.

ஆக்ஸிலில் மாட்டிய அடையாளத் தகட்டில் 3L50 என்று இருந்தால் பல் விகிதம் 3.50, லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழன்றுவிடாமல் தடுப்பது). L இல்லாவிட்டால் சாதாரணம். ஆனால் தகட்டை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். 9 இஞ்ச் 1957 முதல் 1986 வரை வந்தது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் உள்ளே கைவைத்திருப்பார்களோ! கேஸ் வெளியே இருந்தால் பற்களை எண்ணுங்கள். 39-க்கு 13 என்றால் 3.00, 39-க்கு 12 என்றால் 3.25, 35-க்கு 10 என்றால் 3.50.

9 இஞ்சை ஏன் எல்லோரும் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? — அதே ஒஹாயோ வாசகர்

பினியனுக்கு முன்னால் இரண்டு பேரிங், பற்களைத் தாண்டி உள் நுனியில் மூன்றாவதாக ஒன்று. சுமை ஏறும்போது பினியன் கிரவுனை விட்டு விலகிப் போகாது. அதோடு கேஸ் முழுதாகக் கழன்று வருவதால் ரேஷியோ மாற்றுவதும் எளிது. குறையும் உண்டு. பினியன் மிகத் தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் பற்கள் அதிகம் உராய்கின்றன. சூடு கூடும், கொஞ்சம் திறன் வீணாகும். சாலை வண்டியில் அது தெரியாது.

ஃபோர்ட் மாடல் ஏ வண்டிக்கு ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரரின் 8.8 இஞ்ச் ஆக்ஸில் பொருந்துமா? — டொராண்டோ வாசகர்

பொருந்தும். 31 பல் ஷாஃப்ட், 1995 முதல் வந்ததில் டிஸ்க் பிரேக், பழைய இரும்புக் கடை விலை. இதைவிட மலிவான வலு கிடைக்காது. ஆனால் இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, பினியன் நடுவில் இல்லை. பயணி பக்கம் தள்ளி இருக்கும். அகலம் 60 இஞ்சை ஒட்டி இருப்பதால் மாடல் ஏவுக்கு அதிகம். ஓட்டுநர் பக்கக் குழாயை மூன்று இஞ்ச் அளவில் வெட்டி, இன்னொரு பயணி பக்க ஷாஃப்டை வாங்கி அங்கே போட்டால் பினியனும் நடுவுக்கு வரும், அகலமும் குறையும்.

இரண்டு, ஷாஃப்டை உள்ளே பிடித்து நிறுத்துவது ஒரு சி-கிளிப் மட்டும்தான். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். செவி 12-போல்ட்டிலும் இதே ஏற்பாடுதான். கால் மைலை 10.99 நொடிக்குள் ஓடும் வண்டிக்கு வேறு வகைப் பிடிப்பான் கட்டாயம் என்று அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ விதியே வைத்திருக்கிறது. ஸ்லிக் மாட்டுகிற வண்டி என்றால் அந்த நேரத்தை எட்டும் வரை காத்திராமல் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

ஆக்ஸில் ஹவுசிங்கை (வெளிக்கூட்டை) எத்தனை இஞ்ச் குறைப்பது? 54 இஞ்சுக்கு வெட்டச் சொல்லிவிட்டேன், சரிதானே? — டெக்சாஸ் வாசகர்

டயரும் வீலும் வாங்கிவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பட்டறைக்கு இப்போதே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் டயர், வீல். இரண்டையும் ஃபெண்டருக்குள் நிறுத்தி, வண்டியை ஓடும் உயரத்தில் வைத்து, வீல் உட்காரும் முகத்திலிருந்து எதிர் முகம் வரை அளந்தால் வருவதுதான் உங்கள் அகலம். பழைய ஃபோர்ட் வீல்களையே மாட்டுவதென்றால் அவற்றின் போல்ட் வட்டம் 5½ இஞ்ச். பழைய பிராங்கோவின் 9 இஞ்சிலும் அதே வட்டம்தான். குறைத்த ஹவுசிங்குக்கு ஃபேக்டரி ஷாஃப்டை வெட்டிப் பல் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். 28 பல் ஷாஃப்டுகள் பல்லுக்கு அடுத்தே மெலிந்துவிடும். புது ஷாஃப்ட் வாங்குங்கள்.

ஆக்ஸிலில் 4.11 விகிதம் போட்டால் நன்றாக இழுக்கும் என்கிறார்கள். ஓவர்டிரைவ் (எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் உயர் கியர்) இல்லை. — ஜார்ஜியா வாசகர்

இழுக்கும். 28 இஞ்ச் டயரில் மணிக்கு 65 மைலில் எஞ்சின் 3,200 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டும் இருக்கும். 3.50 என்றால் 2,700. நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் 3.25-க்கும் 3.50-க்கும் நடுவில் நில்லுங்கள். 700ஆர்4 கியர் பெட்டி மாதிரி 0.70 ஓவர்டிரைவ் வைத்தால் 4.11-ஐயும் தைரியமாகப் போடலாம்.

பட்டை ஸ்பிரிங் தாங்கிகளை நானே வெல்டு செய்யலாமா? — அதே ஜார்ஜியா வாசகர்

வெல்டிங் கை இருந்தால் செய்யுங்கள். ஒரே மூச்சில் சுற்றி ஓட்டினால் குழாய் வில்லாக வளையும், பேரிங் சீக்கிரம் போகும். சின்னச் சின்னதாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுப் போடுங்கள். முடித்ததும் நேர்கம்பி விட்டுப் பார்க்கும் பட்டறையில் சரிபார்த்தே தீர வேண்டும். அதற்கு முன், வண்டியை முழு எடையோடு தரையில் நிறுத்திப் பினியன் கோணத்தை முடிவு செய்யுங்கள். கியர் பெட்டியின் வால் 3 டிகிரி கீழே சாய்ந்திருந்தால் பினியன் மூக்கு 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் வண்டியில் வெல்டு வைக்காதீர்கள்.

32-இன் சொந்த ஆக்ஸிலையே வைத்துக்கொள்ள ஆசை. — நியூ ஜெர்சி வாசகர்

ஃபோர்டின் பழைய ஃப்ளாட்ஹெட் வி8 எஞ்சினோடு ஓட்டுவதென்றால் வைத்துக்கொள்ளுங்கள், அழகு. அந்த வி8 புதிதில் தந்தது 65 குதிரைத்திறன். டார்க் டியூபும் (டிரைவ் ஷாஃப்டை மூடியிருக்கும் குழாய்) கூம்பு முனை ஷாஃப்டும் அதற்காகச் செய்யப்பட்டவை. நவீன வி8 என்றால் வேண்டாம். பழைய தோற்றமும் வேண்டும், வலுவும் வேண்டும் என்றால் ஹாலிபிராண்ட் பாணி குயிக்-சேஞ்ச் (விகிதத்தைச் சட்டென்று மாற்றக்கூடிய ஆக்ஸில்) பாருங்கள். ஊளைச் சத்தம் இருக்கும், விலையும் கடிக்கும்.

ஸ்பூல் (இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் துண்டு) போட்டு சாலையில் ஓட்டலாமா? — பெயர் எழுதாத வாசகர்

கூடாது. மழையில் ஒரு வளைவு போதும்.

லிமிடெட் ஸ்லிப் திரும்பும்போது கடகடவென்கிறது. — சிகாகோ வாசகர்

கிளட்ச் வகையா? ஆக்ஸில் எண்ணெயில் ஃப்ரிக்ஷன் மாடிஃபயர் (உராய்வைச் சீராக்கும் சேர்மானம்) ஊற்றினீர்களா? ஊற்றவில்லை என்றால் ஊற்றிவிட்டு, காலி மைதானத்தில் மெதுவாக எட்டு வடிவில் சில சுற்றுகள் ஓட்டுங்கள். அதன் பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் எழுதுங்கள். டயர் அளவு இரண்டு பக்கமும் ஒன்றா என்பதையும் சேர்த்து.