வாசகர் கேள்வி – பதில்: வேகத் துப்பாக்கியை ஏமாற்றும் கருவிகள்

கேள்வி: மதுரை – திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் வாரம் இருமுறை காரில் சென்று வருகிறேன். மூன்று மாதங்களுக்குள் அதிவேகத்துக்காக இரண்டு இ-சலான்கள் வந்துவிட்டன. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், ரேடார் இருப்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் கருவியை வாங்கி வருவதாகச் சொல்கிறார். லேசரைக் குழப்பும் ஜாமரும் உண்டாம். இவை நம் ஊரில் பயன்படுமா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள். ரேடார் துப்பாக்கி வீசும் நுண்ணலைகள் சாலையெங்கும் சிதறிப் பரவுவதால், உங்களுக்கு முன்னே செல்லும் வண்டியை அளக்கும்போதே அந்த அலையின் மிச்சத்தைப் பிடித்துக் கூவிவிடுவதுதான் அக்கருவியின் வேலை. ரேடாரை ஓயாமல் வீசிக்கொண்டே ரோந்து வரும் அமெரிக்கச் சாலைகளில் அதற்குப் பொருள் உண்டு. அங்கேயும் வர்ஜீனியா மாநிலத்தில் அதற்குத் தடை இருக்கிறது.

நம் நெடுஞ்சாலைகளில் காவலர் பிடித்திருப்பது பெரும்பாலும் லேசர் துப்பாக்கி. ஏறத்தாழ 904 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளிக்கற்றை 300 மீட்டர் தொலைவில்கூட ஒரு மீட்டர் அகலத்துக்கு மேல் விரிவதில்லை. அது உங்கள் நம்பர் பிளேட்டில் படும். கண்ணாடியின் மேல் ஒட்டிய கருவியில் படாமலே போகலாம். பட்டாலும் அளவீடு முடிய அரை நொடிகூட ஆகாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அதற்குள் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் நகர்ந்திருக்கும். ஆகவே கருவி கூவும்போது உங்கள் வேகம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். வெறுமனே நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராவோ ரேடார் அலையையும் லேசரையும் வீசுவதில்லை; கருவி அதை அறியவே அறியாது.

இத்தகைய கருவி பொருத்திய நண்பர் ஒருவரின் காரில் மேலூரிலிருந்து ஒத்தக்கடை வரை வந்திருக்கிறேன். யானைமலை கண்ணில் படுவதற்குள் ஏழெட்டு முறை அலறிவிட்டது. வழியில் ஒரு காவலரையும் காணோம். சில புதிய கார்கள் பக்கத்து வண்டியை உணர்வதற்கும், கடைகளின் தானியங்கிக் கண்ணாடிக் கதவுகள் ஆள் வருவதை உணர்வதற்கும் சில ரேடார் துப்பாக்கிகள் வீசும் அதே 24 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்துவதே காரணம். மேலூரைத் தாண்டும் முன்பே நண்பர் அதன் ஒலியைக் குறைத்துவிட்டார். எதிரே வரும் லாரிக்காரர் விளக்கை இருமுறை அடித்துக் காட்டும் நம் ஊர் வழக்கம் இதைவிட நம்பகமானது!

ஜாமரின் கதை வேறு. துப்பாக்கியை நோக்கிப் போலி ஒளித்துடிப்புகளை அனுப்பி அதன் கணக்கைக் குலைப்பது அதன் வேலை. நன்றாகப் பொருத்தினால் சிறிது நேரம் குலைக்கவும் செய்யும். ஆனால் எண் வராவிட்டால் காவலர் வண்டியை நிறுத்திப் பார்க்க மாட்டாரா? முகப்பில் கருவி இருந்தால், ஓராயிரம் இரண்டாயிரம் அபராதத்தோடு முடிய வேண்டிய விஷயம், அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு செய்ததாக வழக்கு வரை நீள இடமுண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். மின்னணுக் கண்காணிப்பு உள்ள சாலைப் பகுதிக்கு முன்பாகவே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதியே சொல்கிறது. பல்லாயிரம் ரூபாய்க் கருவி தரவேண்டிய எச்சரிக்கையைப் பலகை இலவசமாகத் தருகிறது.

கேள்வி: துப்பாக்கி என் வேகத்தைக் கூட்டிக் காட்டியிருந்தால் என்ன செய்வது?
– ஒரு வாசகி, வாடிப்பட்டி

பதில்: சாலையோரத்தில் சாய்வாக நின்று அளக்கும்போது ஏற்படும் பிழை ஓட்டுநருக்குச் சாதகமானது, பத்து பாகைச் சாய்வில் 100 கிலோமீட்டர் வேகம் 98.5 என்றே தெரியும். எனவே அதைச் சொல்லி வாதாடிப் பயனில்லை. சலானில் உள்ள படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பதிவெண்ணில் ஓர் எழுத்தோ எண்ணோ மாறிப் பதிவாகி, வேறொருவரின் சலான் உங்களுக்கு வந்திருக்கலாம். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஒப்புதல் சான்றிதழ் நடப்பில் இருந்ததா என்றும் நீங்கள் கேட்கலாம். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் பணம் கட்டுவதற்கு முன்பே பரிவாகன் இணையதளத்தில் புகார் பதிவு செய்யுங்கள்.