700 வெள்ளி நகல் கடிகாரம்: உள்ளே ஓடுவது எது?

கேள்வி: என் மாமனாரின் மணிவிழாவுக்குக் கைக்கடிகாரம் பரிசளிக்க விரும்புகிறேன். ரோலெக்ஸ் சப்மரைனரின் நகல் ஒன்றை 700 வெள்ளிக்குத் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அசலில் உள்ள அதே இயந்திரம்தான் இதிலும் இருக்கிறதாம். வினாடி முள் துள்ளாமல் வழுக்கி ஓடுவதைக் காட்டினார். வேலைப்பாடும் குறை சொல்லும்படி இல்லை. வாங்கலாமா? (வாசகி, ஈசூன்)

பதில்: வேலைப்பாட்டைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. எஃகு உறையையும் பீங்கான் வளையத்தையும் கணினி இயக்கும் இயந்திரங்கள் இன்று வெகு நேர்த்தியாகக் கடைந்து தருகின்றன; கையில் கட்டியிருக்கும் நகலை ஓரடி தூரத்திலிருந்து நானும் கண்டுபிடிக்க மாட்டேன்.

வினாடி முள் மட்டும் சாட்சியாகாது. தேதி காட்டும் இப்போதைய சப்மரைனரில் உள்ள 3235 என்ற இயந்திரம் மணிக்கு 28,800 முறை, அதாவது வினாடிக்கு 8 முறை துடிப்பதால்தான் முள் வழுக்குவதுபோல் தெரிகிறது. ஜப்பானின் மியோட்டா 9015, சுவிட்சர்லாந்தின் ஈட்டா 2824, அதைப் பார்த்துச் சீனாவில் செய்யப்படுபவை ஆகியவையும் அதே வேகத்தில்தான் துடிக்கின்றன. ஆகவே அவர் காட்டியது, அது பேட்டரியில் ஓடும் சாதாரணக் கடிகாரம் அல்ல என்பதை மட்டுமே.

பின்மூடியைத் திறந்து காட்டினாலும் மயங்க வேண்டாம். சாதாரண இயந்திரத்தின் மேல் பெயர் பொறித்த தகட்டைப் பொருத்துவதும் உண்டு. 3235இன் அமைப்பையே பார்த்துச் செய்வதும் உண்டு. ஆனால், நயோபியமும் சிர்க்கோனியமும் கலந்த, காந்தத்துக்கு அசையாத சுருள்வில்லையும், நாளொன்றுக்கு 2 வினாடிக்கு மேல் முந்தவோ பிந்தவோ கூடாது என்று முழுக் கடிகாரத்தையும் சோதித்துச் சீரமைக்கும் உழைப்பையும் தோற்றத்தைப் பார்த்து நகலெடுக்க முடியாது. எளிய சோதனை ஒன்று உண்டு: வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு முழுதாகச் சாவி கொடுத்து மேசையில் வைத்தால், 70 மணி நேரம் தாங்கும் அசல் திங்கள் மாலைவரை ஓடும், சுமார் 38 மணி நேரம் தாங்கும் பழைய ஈட்டா வகை ஞாயிறு காலையிலேயே நின்றுவிடும். (விற்பவர் மூன்று நாள் கொடுத்து வைப்பாரா என்பது வேறு கேள்வி.)

பழுதுபார்ப்பதுதான் பெரிய சிக்கல். நிறுவனத்தின் சேவை நிலையம் நகலைத் தொடாது. வெளியே பழுதுபார்ப்பவருக்கோ எந்த உதிரிபாகம் பொருந்தும் என்பதே தெரியாது. முகப்பில் 300 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பி மாமனார் நீச்சல் குளத்தில் இறங்கிவிடவும் கூடாது.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். சிங்கப்பூரின் வணிக முத்திரைச் சட்டப்படி, போலி முத்திரையிட்ட பொருளை விற்பவருக்குப் பொருள் ஒன்றுக்கு 10,000 வெள்ளிவரை, மொத்தத்தில் 100,000 வெள்ளிக்கு மிகாமல் அபராதமோ, 5 ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பிடிக்கவில்லை என்று நீங்கள் அதை இன்னொருவருக்கு விற்கவும் வழியில்லை.

என்னைக் கேட்டால், இந்தத் தொகைக்குள் 4ஆர்36 இயந்திரம் கொண்ட சீக்கோ 5 வாங்குவேன். அது வினாடிக்கு 6 முறைதான் துடிக்கும், 41 மணி நேரம்தான் தாங்கும். அந்த நகல் அளவுக்கு முள் வழுக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தாண்டு கழித்தும் அதைத் திறந்து எண்ணெயிட ஆள் கிடைப்பார். வாங்கும்போது உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் தேதியும் பதிந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.