புது நீடில் போட்டும் பெட்ரோல் வழிந்தால் ஃப்ளோட்டைப் பாருங்கள்

நீடிலையும் (பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி) சீட்டையும் (அந்த ஊசி அமரும் துளை) இன்னொரு தடவை மாற்ற வேண்டாம், ஃப்ளோட்டை (பெட்ரோல் மட்டத்தோடு எழும்பி நீடிலை அடைக்க வைக்கும் மிதவை) மாற்றுங்கள். 1950களின் ஜான்சன் அவுட்போர்டில் (படகின் பின்புறம் மாட்டும் மோட்டார்), புது நீடிலும் சீட்டும் கொண்ட கிட் போட்ட பிறகும் கார்புரேட்டர் வாய் வழியாகப் பெட்ரோல் வழிகிறது என்கிறீர்கள். அந்தக் கால ஃப்ளோட் தக்கையில் செய்து, மேலே அரக்குப் பூசியது. எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தப் பூச்சைக் கரைத்துவிடும். தக்கை ஊறிக் கனத்துப்போனால் மேலே எழும்பாது. நீடில் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அடைக்காது.

கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். பூச்சு பிசுபிசுத்து, நகத்தால் அழுத்தும் இடத்தில் பெட்ரோல் கசிந்தால் சந்தேகமே இல்லை. பார்வைக்கு நன்றாக இருந்தால், திறந்தவெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில், ஒரு டப்பா பெட்ரோலில் சில மணி நேரம் மிதக்கவிடுங்கள். தாழ்ந்துகொண்டே போனால் அதுதான் கோளாறு.

மாற்றும்போது பிளாஸ்டிக் ஃப்ளோட்டாக வாங்குங்கள், எத்தனால் தொல்லை தீரும். மாட்டியதும் கார்புரேட்டரின் மேல் பாதியைத் தலைகீழாகப் பிடித்தால், ஃப்ளோட் அந்த உலோக வார்ப்பின் விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும். சாய்ந்தால் ஃப்ளோட்டின் கையை லேசாக வளையுங்கள். நீடில் மேல் அழுத்தி வளைக்காதீர்கள், புது முனை பள்ளம் விழுந்துவிடும்.

தக்கை கெடாமல் இருந்தால் மட்டும், சீட்டுக்கு அடியில் உள்ள வாஷரைப் பாருங்கள். கிட் மாற்றும்போது அது விடுபட்டிருக்கலாம்.