சிறுத்துப்போன விலங்குக் கூட்டங்களும் உட்கலப்பும்: கேள்வி பதில்

கேள்வி: நெருங்கிய உறவுடைய விலங்குகள் இணைசேர்ந்தால், அதாவது உட்கலப்பு நேர்ந்தால், குட்டிகளுக்கு ஏன் குறை வருகிறது?

பதில்: தீங்கான மரபணுக்கள் சிலவற்றைச் சுமக்காத விலங்கே இல்லை. அவற்றுள் பெரும்பாலானவை ஒடுங்கு தன்மை உடையவை என்பதால், தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பிழை வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். உறவற்ற பெற்றோரிடம் அவ்வாறு பொருந்துவது அரிது. உடன்பிறந்தவை இணைந்தாலோ, குட்டியின் மரபணுக்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கு ஒரே மூதாதைப் பிரதியின் இரட்டையாக அமைந்துவிடும்.

கேள்வி: விலங்குகள் தாமாகவே இதைத் தவிர்ப்பதில்லையா, ஐயா?

பதில்: தவிர்க்கின்றன. பல பாலூட்டி இனங்களில் இளம் ஆண்கள் பிறந்த இடத்தை விட்டு வெகுதொலைவு சென்றுவிடும். ஆனால் காட்டைச் சுற்றிச் சாலையும் வயலும் சூழ்ந்தபின் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

கேள்வி: குறைந்தது 50 விலங்குகள் இருந்தால் போதும் என்று படித்தேன். சரியா?

பதில்: 1980இல் மரபியலாளர் இயன் ஃபிராங்க்ளின் முன்வைத்த அளவுகோல் அது: குறுகிய காலத்தில் உட்கலப்பின் கேட்டைத் தாங்க 50, நெடுங்காலத்துக்குத் தகவமைப்புத் திறனைக் காக்க 500. இவற்றை இரட்டிப்பாக்க வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் இவை காட்டில் எண்ணும் தலைகள் அல்ல; மரபியல் நோக்கிலான பயனுறு எண்ணிக்கை, அதாவது ஆணும் பெண்ணும் சம அளவில் இருந்து எல்லாமே சமமாக இனப்பெருக்கம் செய்தால் எத்தனை விலங்குகளுக்கு ஈடாகும் என்ற கணக்கு. 10 ஆண்களும் 90 பெண்களும் இனப்பெருக்கம் செய்யும் கூட்டம், பிற காரணிகளை விட்டுப் பார்த்தாலும், 36 விலங்குகளுக்கே சமம். கணக்கெடுப்பு எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: வெளியிலிருந்து சில விலங்குகளைக் கொண்டுவந்தால் கூட்டம் மீளுமா?

பதில்: மீண்டதற்குச் சிறந்த சான்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வாழும் பெரும்பூனை வகையான பூமாக்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கு 20 முதல் 30 வரையே எஞ்சியிருந்தன. வளைந்த வால், இறங்காத விரை, இதயச் சுவரில் துளை, தரமற்ற விந்து எனக் குறைகள் மலிந்திருந்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்கள் விடப்பட்டு, அவற்றுள் ஐந்து குட்டி ஈன்றன. கலப்பு வழியில் பிறந்தவற்றிடம் அக்குறைகள் குறைந்தன, எண்ணிக்கையும் மும்மடங்கானது.

ஆனால் ஒருமுறை செய்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது. அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவுக்கு 1997இல் உறைபனி வழியே ஓர் ஆண் ஓநாய் தானாக வந்து சேர்ந்தது. அதன் வாரிசுகள் செழித்தன. அச்செழிப்பே பின்னர் வினையாயிற்று, ஏனெனில் சில தலைமுறைகளில் தீவின் ஓநாய்கள் ஏறக்குறைய அனைத்தும் அதன் வழித்தோன்றல்களாகிவிட்டன. 2016இல் மிஞ்சியவை இரண்டு: ஒரு தந்தையும் மகளும், அதுவும் ஒரே தாய்க்குப் பிறந்தவை. 2018 முதல் மனிதர்கள் புதிய ஓநாய்களைக் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று.

கேள்வி: அயல் விலங்குகளைக் கலப்பதால் தீங்கு நேராதா?

பதில்: நெடுங்காலம் பிரிந்து, மாறுபட்ட சூழலுக்குப் பழகிய கூட்டங்களைக் கலந்தால் நேரலாம். அண்மையில் மனிதர்களால் பிரிக்கப்பட்டவற்றில் அந்த அச்சம் மிகைப்படுத்தப்படுகிறது என்பதே என் கருத்து.

கேள்வி: பத்து அளவிலேயே எஞ்சியுள்ள, டால்பினை ஒத்த கடற்பாலூட்டியான வக்கீட்டா கடற்பன்றிக்கு இனி நம்பிக்கை உண்டா?

பதில்: உண்டு. மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மட்டுமே வாழும் இவ்வினம் பல்லாயிரம் ஆண்டுகளாகவே சிறு எண்ணிக்கையில் இருந்து வந்ததால், கடும் தீங்கு தரும் ஒடுங்கு மரபணுக்கள் பல ஏற்கெனவே கழிந்துபோயின என்று 2022இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. வக்கீட்டாக்களைக் கொல்வது உட்கலப்பு அன்று, மீன்பிடிக்க விரிக்கும் செவுள்வலை. மரபணு கெட்டுவிட்டது என்ற பேச்சு, வலையைத் தடுக்கத் தவறியவர்களுக்குச் சாக்காகிவிடக் கூடாது.

கேள்வி: இறந்த விலங்கின் செல்களிலிருந்து நகலெடுப்பது (குளோனிங்) உட்கலப்பைக் குறைக்க உதவுமா?

பதில்: வட அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட்டுகள் என்னும், கீரி போன்ற தோற்றமுள்ள சிறு ஊனுண்ணிகளில் இது நடந்துள்ளது. இன்றுள்ளவை ஏழே முன்னோர்களின் வழிவந்தவை. 1988இல் இறந்த, அந்த ஏழில் சேராத ஒரு பெண்ணின் செல்களை உறைய வைத்திருந்தனர். அதிலிருந்து 2020இல் பிறந்த முதல் நகல் குட்டி ஈனவில்லை, அதே செல்களிலிருந்து உருவான மற்றொன்று 2024இல் ஈன்றது. செல்களைச் சேமித்து வைத்திருந்தால் மட்டுமே இவ்வழி திறக்கும். ஆகவே அழியும் நிலையிலுள்ள இனங்களின் திசு மாதிரிகளை இப்போதே உறைய வைப்பது செலவு குறைந்த காப்பீடு.