சாகசம் இல்லாமல், சாதாரண மனிதர்களைப் பற்றிய காமிக்ஸ் எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது: "நாற்பது வயதாகியும் பொம்மைப் புத்தகமா என்று வீட்டில் கேட்கிறார்கள்." எனக்கு நாற்பத்தைந்து. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை எடைபோட்டு ரசீது எழுதுகிறேன். இதே கேள்வியை மாமனார் வீட்டில் கேட்டிருக்கிறார்கள், எடை மேடையில் கேட்டிருக்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டிருக்கிறார். வலிக்கத்தான் செய்யும்.

நீங்களும் முத்து, லயன் காமிக்ஸ் இதழ்கள் படித்து வளர்ந்தவர் என்றே வைத்துக்கொள்கிறேன். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்த முத்துவும் 1984இல் வந்த லயனும் சிவகாசியிலிருந்து வராமல் இருந்திருந்தால் எனக்கு வாசிக்கும் பழக்கமே வந்திருக்காது. ஆகவே அவற்றில் வரும் கௌபாய் ஹீரோ டெக்ஸ் வில்லரைக் குறை சொல்ல வந்துவிட்டான் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், இன்றும் வாங்கிப் படிக்கிறவன்தான் நான். ஆனால் ஒரு வயதுக்கு மேல், டெக்ஸ் சுட்டு விழுந்தவனுக்கு வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று மனசு போக ஆரம்பிக்கிறது. நீங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' எடுங்கள்.

ஸ்பீகல்மனின் அப்பா விளாடெக் போலந்து யூதர், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். மகன் அவரைக் கேட்டுக் கேட்டு வரைகிறார். யூதர்கள் எலிகளாகவும் ஜெர்மானியர்கள் பூனைகளாகவும் வருவார்கள். 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. இதெல்லாம் எல்லோரும் சொல்வது. என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்த அப்பாவின் குணம். தெருவில் கிடக்கும் டெலிபோன் வயரைப் பொறுக்கிக்கொள்கிறார். பாதி தின்ற பண்டத்தைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்கிறார். மாத்திரைகளை உட்கார்ந்து எண்ணுகிறார். மகனுக்கு அவரோடு சேர்ந்தாற்போல் ஒரு நாள் இருக்க முடியவில்லை. செத்துப்போன அம்மாவின் குறிப்பேடுகளை அப்பா எரித்துவிட்டார் என்று தெரிந்ததும் "கொலைகாரன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். பெரிய துன்பத்தைக் கடந்து வந்த மனிதரைத் தெய்வமாக்காமல், கஞ்சனாகவும் பிடிவாதக்காரராகவும் வரைய மகனுக்கு எவ்வளவு நேர்மை வேண்டும்!

என் அப்பா சிலோனிலிருந்து வந்தவர். அங்கிருந்த தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை 1964இல் போட்டார்கள். எங்கள் குடும்பம் கப்பல் ஏறியது 1974இல், அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. தலைமன்னாரில் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மேலே கேட்டால், "அதெல்லாம் எதுக்குப்பா இப்ப" என்பார்.

அவரும் எதையும் தூக்கிப் போட மாட்டார். உர மூட்டை பிரித்த நூல், வளைந்த ஆணி, பார்சல் சணல், அறுந்த வாளிக் கயிறு, எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்குப் பையில் இருக்கும். வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது அதைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு சாக்குப் பைக்கு இவ்வளவு ரோஷமா என்று இருந்தது எனக்கு.

அப்புறம் ஓர் ஐப்பசியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை எப்படி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கரண்ட் இல்லை. எமர்ஜென்ஸி விளக்கில் 'மௌஸ்' படித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்து, "எலிக்கு எதுக்குடா கோட்டு?" என்றார். சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ராத்திரிக்குப் பத்துப் பக்கம், படத்தைக் காட்டி வரிக்கு வரி தமிழில் சொன்னேன். வயர் பொறுக்கும் படம் வந்தபோது அதன்மேல் விரலை வைத்துக்கொண்டார்.

"இவரு எதுக்கு எடுக்கறாருன்னு அந்தப் பையனுக்குத் தெரியல."

கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மண்டபத்துல தகரப் பெட்டி வாய் தொறந்துக்கிச்சு. காயிதமெல்லாம் அதுலதான். கட்டறதுக்கு ஒரு முழம் கயிறு கெடைக்கல. ஒங்க அப்பாயி கட்டியிருந்த சேலைக் கரையக் கிழிச்சுக் கட்டுனாங்க. அவங்ககிட்ட இருந்ததே ரெண்டு சேலை."

நான் குப்பையில் கொட்டிய பையில் இருந்ததில் முக்கால்வாசி கயிறு.

யூதர்களின் கொடுமையையும் சிலோன் தமிழர் கதையையும் ஒரே தராசில் வைக்கிறாயா என்று யாராவது கேட்பீர்கள். வைக்கவில்லை. எங்களை யாரும் விஷவாயு அறைக்கு அனுப்பவில்லை. ஒரு படம் ஒரு மனிதரின் வாயைத் திறந்தது என்று மட்டும்தான் சொல்கிறேன். அன்றிலிருந்து இரண்டு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன், எல்லாம் அவர் சொன்னது.

அடுத்து அவரே படிக்கட்டும் என்று மர்ஜானே சத்ரபி தான் ஈரானில் வளர்ந்த கதையை வரைந்த 'பெர்சபோலிஸ்' வாங்கினேன். தமிழில் 'ஈரான்' என்ற தலைப்பில் விடியல் பதிப்பகம் கொண்டுவந்திருக்கிறது. பிரெஞ்சில் முதலில் வெளியிட்டது, காமிக்ஸ் ஓவியர்களே கூடித் தொடங்கிய சின்னப் பதிப்பகம். முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஈரான் அரசியல் புரியாதே என்று தயங்காதீர்கள், அதில் வரும் அவருடைய பாட்டிக்காகவே படிக்கலாம். மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக்கொள்ளும் பாட்டி. அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மலையில் இருந்துகொண்டு புத்தகம் வாங்குவது என்ன பாடு என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. பார்சல் ஆள் வீட்டுக்கு வருவதே இல்லை. "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று போனுக்குச் செய்தி மட்டும் வரும், இடுப்பு ஒடிந்த மனிதர் இருபத்து நாலு மணி நேரமும் வீட்டில் இருக்கும்போது! ஒரு தடவை 1,400 ரூபாய் புத்தகத்தை டீக்கடைத் தாழ்வாரத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், ராத்திரி பூரா மழை. வழவழப்பான ஆர்ட் பேப்பர் நனைந்தால் பக்கமெல்லாம் ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிடும், பிரித்தால் படம் உரிந்து வரும். நியூஸ்பிரிண்ட் என்றால் அடுப்படியில் காய வைத்துப் படித்துவிடலாம். நியாயம் கேட்டால் "மலைப் பகுதி சார், பொறுப்பேற்க முடியாது." சுற்றுலா வண்டி ஒவ்வொன்றுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வைத்து எண்ண முடிகிற மலையில், ஒரு பார்சலை வாசல்வரை கொண்டுவர முடியாதா?

சரி, கேள்விக்கு வருகிறேன். என்னைப்போல ரசீது எழுதுகிற, ஃபைல் அடுக்குகிற வேலையில் இருப்பவர் என்றால் ஹார்வி பீக்கரின் 'அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்' உங்களுக்குத்தான். கிளீவ்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஃபைல் கிளார்க். படம் வரையத் தெரியாது. குச்சி மனிதர்களைக் கிறுக்கிக் கொடுப்பார், ராபர்ட் கிரம்ப் போன்ற ஓவியர்கள் வரைவார்கள். 1976இல் சொந்தக் காசில் அச்சிட ஆரம்பித்தார், பேர் வந்த பிறகும் வேலையை விடவில்லை. கடை வரிசையில் கிழவிகளுக்குப் பின்னால் நிற்பது ஒரு கதை, அவ்வளவுதான் கதையே. முதலில் எரிச்சல் வரும், மூன்றாவது கதையில் பிடித்துக்கொள்ளும்.

ஜப்பானியரான ஜிரோ தனிகுச்சியின் 'தி வாக்கிங் மேன்' இல் ஒருவர் நடக்கிறார், மழையில் நனைகிறார், மரத்தில் சிக்கிய பொம்மை விமானத்தை எடுக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறார். பேச்சு மிகக் குறைவு. ஆங்கிலம் தடை என்று நினைக்கிறவர்கள் இதைத் தாராளமாக எடுக்கலாம்.

நம் நாட்டில் 'பீமாயணம்'. அம்பேத்கரின் வாழ்க்கையை கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் வரைந்தது, 2011. கட்டம் கட்டமாக இருக்காது. அன்பான பேச்சுக்குப் பறவை வடிவக் குமிழ், கொட்டுகிற பேச்சுக்குத் தேள் கொடுக்கு. தண்ணீர் கேட்கும் சிறுவனிடம் பேசுகிறவர்களின் குமிழைப் பாருங்கள். தமிழிலும் கிடைக்கிறது.

ஹெர்னாண்டஸ் சகோதரர்களின் 'லவ் அண்ட் ராக்கெட்ஸ்' தொடர் 1981இல் ஆரம்பித்தது, அதில் வரும் மேகி நம்மோடு சேர்ந்து வயதாகிக்கொண்டே போகிறாள். ஆனால் அதைக் கடைசியில் எடுங்கள். ரொம்ப நீளம், அதோடு குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாத பக்கங்களும் உண்டு.

எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் என்றால் வீட்டுக்கு வாருங்கள், எதை வேண்டுமானாலும் எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தரலாம். 'மௌஸ்' மட்டும் தர முடியாது. அது அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது.