கண்ணைக் கட்டுவது எதற்காக?

அன்புள்ள ஐயா,

நான் தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். சென்ற டிசம்பர் 3 அன்று, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்காக, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கண்ணைக் கட்டி மைதானத்தில் நடக்கவிட்டோம். இரவல் வாங்கிய சக்கர நாற்காலியில் ஆளுக்கொரு சுற்று போகச் சொன்னோம். சிலர் அழுதார்கள். தலைமையாசிரியர் பாராட்டினார். ஆனால் அதே வகுப்பில் பிறவியிலேயே இடது கால் வலுவிழந்த மாணவன் ஒருவன் இருக்கிறான். அன்று அவன் பள்ளிக்கே வரவில்லை. நாங்கள் செய்தது சரிதானா?

அன்புள்ள நண்பருக்கு,

அவன் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. பத்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்ட பிள்ளைக்கு இருட்டின் அச்சம் மட்டுமே தெரியவரும். பார்வையற்றவர் ஆண்டுக்கணக்கில் காதாலும் பாதத்தாலும் கைக்கோலாலும் பழகிச் சேர்த்த திறமை அதற்குள் வந்துவிடாது. அந்த அச்சம்தான் பார்வையற்றோர் வாழ்க்கை என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். அழுதது பரிவினால்தான், மறுக்கவில்லை. ஆனால் தன்னைப் போன்றவர்களை எண்ணி வகுப்பே கண்கலங்குவதைப் பார்க்க எந்தப் பதினான்கு வயதுப் பையன் கிளம்பி வருவான்?

அதே கண்கட்டை ஒரு விளையாட்டின் விதியாக வைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946-இல் உருவாக்கப்பட்ட கோல்பால், 1976 முதல் பாராலிம்பிக்கில் ஆடப்படுகிறது. அணிக்கு மூவர், 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், இரு முனைகளிலும் அகலம் முழுவதுமே கோல். உள்ளே மணிகள் வைத்த ஒன்றேகால் கிலோ பந்தை ஓர் அணி உருட்டி எறிய, எதிரணியினர் அதன் ஓசையை மட்டுமே நம்பிப் பக்கவாட்டில் விழுந்து உடம்பால் மறிக்க வேண்டும். ஓரளவு பார்வை உள்ளவரும் அறவே இல்லாதவரும் சேர்ந்து ஆடுவதால், ஒருவருக்கும் கூடுதல் வசதி இல்லாதபடி எல்லார் கண்ணும் மறைக்கப்படுகிறது. கோடுகளுக்கு அடியில் கயிறு ஓடுவதால் விரலாலும் காலாலும் தடவித் தம் இடத்தை அறிந்துகொள்வார்கள். பந்து உருளும்போது பார்வையாளர் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. இங்கே கண்ணைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு அழ நேரமிருக்காது. பந்து இடப்பக்கம் வருகிறதா வலப்பக்கம் வருகிறதா என்பதிலேயே கவனம் போய்விடும்.

மணிப்பந்து கிடைக்காவிட்டால் பழைய கூடைப்பந்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் உருளும்போது சலசலக்கும். (அரசு தடை செய்த பைதான், இருந்தும் எந்த வீட்டுப் பரணிலும் அகப்படும்.) மண் தரையில் விழச் சொன்னால் முழங்கை உரியும் என்பதால், ஜமுக்காளம் விரித்து மண்டியிட்டு ஆடவிடுங்கள்.

உங்கள் மாணவனை மனத்தில் வைத்து நான் சொல்வது அமர்வு கைப்பந்து, அதாவது தரையில் உட்கார்ந்தபடியே ஆடும் வாலிபால். 1956-இல் நெதர்லாந்தில் தொடங்கிய இந்த ஆட்டத்துக்கு 10 மீட்டருக்கு 6 மீட்டர் இடம் போதும். ஆண்களுக்கு வலையின் உயரம் 1.15 மீட்டர், பந்தைத் தொடும் கணத்தில் இடுப்புப் பகுதி தரையை விட்டு எழக் கூடாது. நெட்டையன் எம்பிக் குதித்து அடிக்கும் சாமர்த்தியம் அங்கே செல்லாது. கையை ஊன்றி நகர்ந்து, ஊன்றிய கையையே மறுகணம் பந்துக்குத் தூக்க வேண்டியிருப்பதால், நன்றாக ஓடுகிறவனுக்குத் தன் கால்களே இடைஞ்சலாகிவிடும். ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016-இல் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவும் பள்ளியில் விரும்பி ஆடியது கைப்பந்துதான். உயரம் தாண்டிப் பார் என்று அவரைத் தூண்டியவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். அவர் படத்தைச் சுவரில் ஒட்டுவதைவிட அந்த ஆசிரியர் செய்ததைச் செய்வது உங்களுக்கு எளிது.

எங்கள் வகுப்பில் போலியோவால் கால் சூம்பிய நண்பன் ஒருவன் இருந்தான். விளையாட்டுப் பாடவேளையில் வேப்பமரத்தடியில் அவன் மடிமீது எங்கள் சட்டைகளும் கைக்கடிகாரங்களும் குவிந்து கிடக்கும். கிரிக்கெட்டின் எல்.பி.டபிள்யூ. விதி எங்கள் எல்லாரையும்விட அவனுக்குத்தான் தெரியும் என்பதால் நடுவர் பதவியையும் கொடுத்திருந்தோம், பெருந்தன்மையோடு. அடிபட்டவனுக்காக ஓட பை ரன்னர் வைத்து ஆடிய நாங்கள், அதே முறையில் அவனிடம் ஒருநாளாவது மட்டையைக் கொடுத்திருக்கலாம் என்பது எனக்கு உறைக்க முப்பது ஆண்டுகள் ஆயின.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பள்ளி விளையாட்டில் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைத் தரச் சொல்கிறது. டிசம்பர் 3-க்கு மட்டுமல்ல, வாரந்தோறும் வரும் பாடவேளைக்கும் அது பொருந்தும். ஆனால் சட்டத்தைக் காட்டி அவனைக் களத்தில் இறக்க வேண்டாம். முதலில் தனியே அழைத்து, ஆட விருப்பமா, வலி இருக்கிறதா என்று கேளுங்கள். மறுத்தால் அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். சம்மதித்தால், அன்றைக்கே அவனை அணித்தலைவன் ஆக்கிவிடாமல், எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள்.